சுழி பார்த்த கார்

வண்டியைப் பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்ததும் தாணுலிங்கம் செய்த முதல் காரியம், பூனைகளை விரட்டியதுதான்.

விரட்டினால் போகிற பூனைகளா அவை? தெருவில் உள்ள பூனை அத்தனையும் அந்தக் காரைச் சுற்றியேதான் கிடந்தன. குற்றம் பூனைகள் மேல் இல்லை. காரின் மரச்சட்டம் உளுத்துப் போனபோது அதைப் புதிதாகச் செய்து கொடுத்தவர் தோணி கட்டுகிற சூசை மேஸ்திரி. தோணியானாலும் காரானாலும் மரம் என்றால் எண்ணெய் குடித்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. சட்டத்துக்கும் பலகைக்கும், பாய்த்துணியில் தைத்த மடக்குக் கூரைக்கும்கூட மீன் எண்ணெயைத் தாராளமாக ஓட்டிவிட்டார். "நாலு காத்து அடிச்சா வாடை போயிரும்வே" என்று சொல்லிவிட்டுப் போனார். தூத்துக்குடியில் அடிக்காத காற்றா? எல்லாக் காற்றும் அடித்துப் பார்த்துவிட்டது, வாடை போகவில்லை. வெயில் ஏறினால் கொட்டகைக்குள் கருவாட்டுக்கடை வைத்ததுபோல் இருக்கும்.

தாணுலிங்கம் பூனைகளோடு போராடுவதைப் பார்த்தபடி அவன் மனைவி செல்லக்கனி அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பாத வெடிப்பில் ஏறிய உப்பு எரிந்தது. காலைத் தண்ணீரில்கூட வைக்காமல் மீனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போலிருந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஆனி மாதத்துக் கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஓலைக் கொட்டகைக்குள் நீலப் பெயிண்ட் மினுங்க நின்ற அந்தக் கார் முன்பு கப்பல் ஏஜெண்ட் சங்கரபாண்டியனுடையதாக இருந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்கக் கார். பக்கத்தில் கண்ணாடி கிடையாது, மேலே மூடி மடக்குகிற துணிக்கூரை, மழை வந்தால் மாட்டிக்கொள்ளப் பக்கவாட்டுப் படுதா. தாணுலிங்கம் அதற்கு டிரைவர். யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் முதலாளி காரின் பின்னால் ஒரு கரிவாயு உருளையைக் கட்டச் செய்தார். அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்ட வேண்டும். வண்டி ஓடியது. ஓடியது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கரியைக் கிளறி, சாம்பலை வழித்துக் கொட்டினால்தான் மேலே நகரும்.

யுத்தம் முடிந்து முதலாளி கொழும்புக்கே போய்விட்டபோது, இன்ஜின் புகையில் கெட்டு, உடம்பு உப்புக்காற்றில் அரித்து, கார் குப்பையாகக் கிடந்தது. "நீயே வச்சுக்கடே" என்று கொடுத்துவிட்டுப் போனார். தாணுலிங்கம் அதை வீட்டுக்கு இழுத்து வந்தான். அன்றிலிருந்து பகலில் உப்பு குவித்த அம்பாரத்தில் மூட்டை தூக்குவான், பொழுது சாய்ந்ததும் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். துரு சுரண்டினான். இன்ஜினைக் கழற்றிச் சாக்கில் பரப்பினான். சீட்டு, பலகை, கூரை ஒவ்வொன்றாக மாற்றினான். புருஷன் ஒருவன் இப்படிக் குடி கூத்து என்று போகாமல் வீட்டோடு கிடப்பதற்குச் செல்லக்கனி கொடுத்து வைத்தவள் என்றார்கள் தெருப் பெண்கள். அவன் எதைத் தேய்த்து எடுக்கிறான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்களுடைய ஒரே மகள் சந்தனமாரி அந்தக் காரின் பின் சீட்டில்தான் இறந்தாள்.

கொழும்பில் குண்டு விழுந்த வருஷம் அது. அடுத்தது நம் துறைமுகம்தான் என்று ஊரே கிளம்பியபோது செல்லக்கனியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குலசேகரன்பட்டினத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போன இடத்தில் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏழு வயதுப் பிள்ளை, எச்சில் விழுங்க முடியாமல் கண்ணை உருட்டியது. தகவல் வந்ததும் முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காரை எடுத்துக்கிட்டுப் போய்ப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாடே" என்றார். தாணுலிங்கம் போனான், தாயையும் பிள்ளையையும் ஏற்றினான். திருச்செந்தூர், காயல்பட்டினம், ஆத்தூர் என்று வந்து, பழையகாயல் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டி மூச்சை விட்டுவிட்டது. அவன் இறங்கிக் கரியைக் கிளறிச் சாம்பலை வழித்துக்கொண்டிருந்தபோது, தாயின் மடியில் பிள்ளையும் விட்டுவிட்டது.

செல்லக்கனி வாயைத் திறப்பதற்குள் அவன் ஓடி வந்து கையால் பொத்தினான்.

"அழாத. ஏளா, அழாத. வீடு வரைக்கும் அழாத. நாளைக்கு மொதலாளி மவளுக்கு நிச்சயதார்த்தம், இந்த வண்டியிலதான் மாப்பிள்ள வீட்டுக்காரங்கள ஏத்தணும். துட்டி ஏறுனது தெரிஞ்சா அந்த நல்ல மனுசன் மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

துட்டி என்றால் அந்தப் பக்கத்தில் சாவு. பிணம் ஏறிய வண்டியில் நல்ல காரியத்துக்கு யாரும் ஏற மாட்டார்கள். அவன் பக்கவாட்டுப் படுதாவை இழுத்து மாட்டினான். ஊர் எல்லையில் யுத்த காலச் சோதனைச் சாவடி. போலீஸ்காரர் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தார். "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டார். தாணுலிங்கத்துக்கு நாக்கு எழவில்லை. செல்லக்கனிதான் சொன்னாள். "ஒறங்குதா."

பிள்ளை வீட்டில் வைத்துச் செத்தது என்றுதான் ஊருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு அழு என்றார்கள். அழுகை வரவில்லை. இந்த நாலு வருஷமாகவும் வரவில்லை. அவளுக்கு நெஞ்சழுத்தம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டதும் அவள் காதுக்கு வந்தது.

மீன் குழம்பு கொதித்து இறங்கியது. தாணுலிங்கம் கம்பங்கஞ்சியில் கையை வைத்துக்கொண்டு, குடிக்காமல் அவளையே பார்த்தான்.

"நாளைக்குச் சாத்தான்குளத்து அண்ணாச்சியோட சம்சாரமும் கூட வாரா. அவங்க வீட்டுல மாடு பிடிச்சா ஒரு மொற உண்டாம். விக்கிற வீட்டுப் பொம்பளதான் கயித்த எடுத்துக் குடுக்கணும். குடுக்கையில மாட்டுக்கு என்ன கொறன்னு வாயால சொல்லணும். காருக்கும் அதே மொறதான்னு சொல்லிவிட்டிருக்காங்க."

"காருக்குக் கயிறு ஏது?"

"ஹாண்டிலு இருக்குல்லா, முன்னால சொருகிச் சுத்துதது. அதக் குடுத்தாப் போதுமாம். கொற என்னன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ரெண்டாவது கீரு முரண்டு பிடிக்கும். வலது கை லைட்டு மங்கல்."

"ம். அவ்வளவுதான். அதுக்கு மேல கெடையாது."

"அதுக்கு மேல கெடையாதா?"

அவன் கஞ்சியைக் கலக்கினான்.

"ஏளா, அன்னைக்குள்ள சீட்டா இது? அதப் பிரிச்சு அடுப்புல வச்சது நீதான. பலக புதுசு, சட்டம் புதுசு, கூர புதுசு. மிச்சம் கெடக்கது இரும்பு. இரும்புல என்ன துட்டி ஒட்டிக்கிட்டு இருக்கப் போவுது?"

"எம் மடி பழசுதான."

அவன் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

"பட்டாளத்து லாரிய ஏலத்துல எடுக்கப் போறோம்னு என் கூட்டாளி தளவாய் சொன்னாம்லா. பாதிப் பங்குக்கு என்னச் சேத்துக்கிடுதேன்னான். ஆனி முடியுறதுக்குள்ள சொல்லணும். இந்த வண்டி போனாத்தான் நான் அதுல சேர முடியும். இல்லன்னா நான் மூட்ட தூக்கியே சாவணும், நீ உப்புப் பொட்டி செமந்தே சாவணும். ஒங் கால நீ பாக்குதது இல்ல. நான் பாக்குதேன்."

அவன் பொய் சொல்லவில்லை. உப்புக் கடவப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்து நடந்து அவள் குதிகால் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. சில காலைகளில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"சொல்லுதேன்" என்றாள். "நீங்க கஞ்சியக் குடிங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் வீரபாகு அண்ணாச்சியும் அவர் மனைவி பிச்சம்மாளும் வந்து இறங்கினார்கள். அண்ணாச்சி கருப்பட்டி வியாபாரி. மாட்டுத் தரகில் தொடங்கி மேலே வந்த மனுஷர். மகனுக்கு ஆவணியில் கல்யாணம், பெண் உடன்குடி. ஊர்வலத்துக்குச் சொந்தக் கார்தான் வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

வந்ததும் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, ஒரு டயரை உதைத்துப் பார்த்தார்.

"வேய், இதுக்குப் பல்லு எங்கன பாக்குதது?"

தாணுலிங்கம் முன் மூடியைத் திறந்து காட்டினான். அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாம் புரிந்தவர்போலத் தலையை ஆட்டினார்.

"நல்ல பல்லுதான். சுழி?"

"சுழியா?"

"எந்தச் சீவனுக்கும் நல்ல சுழி, கெட்ட சுழின்னு உண்டும்லா. மாடா இருந்தா ரோமத்தத் தடவிப் பாத்துச் சொல்லிருவேன். இதத் தடவுனா வழுக்குது." மூக்கைச் சுளித்தார். "அது என்னவே, சாள வாடை?"

"தோணி மேஸ்திரி மரத்துக்கு எண்ண குடுத்திருக்காரு அண்ணாச்சி. நூறு வருசத்துக்கு உளுக்காது."

"உளுக்காது சரி. ஊர்வலம் போவயில ஊருப் பூனையெல்லாம் பின்னாலல்லா வரும். பொண்ணு வீட்டுக்காரன் மேளக்காரன விட்டுட்டுப் பூனைய எண்ணுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். செல்லக்கனியும் சிரித்துவிட்டாள். நல்ல மனுஷர்களாக இருக்கிறார்களே என்று நினைத்தாள். கெட்டவர்களாக இருந்தால் பொய் சொல்லுவது எளிது.

தாணுலிங்கம் இந்த நாளுக்கென்று ரேஷன் கூப்பனில் வாங்கிச் சேர்த்து வைத்திருந்த பெட்ரோலை ஊற்றி, ஹாண்டிலைச் சொருகி ஒரு சுற்றுச் சுற்றினான். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் துறைமுகம் வரை போய் வந்தான். திரும்பி வந்து இறங்கியபோது அண்ணாச்சியின் தலைப்பாகை காற்றில் அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது, முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"ஏ பிச்சம்மா, தோணி மாதிரில்லா போவுது. வெல பேசியாச்சி. நீ ஒம் மொறயச் செய்யி."

செல்லக்கனி கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். பிச்சம்மாள் ஒரு வாய் குடித்து, டம்ளரைக் காரின் படியில் வைத்துவிட்டு எழுந்தாள். காதில் கனத்த பாம்படம் ஆடுகிற, பெரிய உடம்புக்காரி. பின் சீட்டின் இடது மூலையைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"எம் மருமவ இங்கன இருப்பா. காத்தோட்டமா இருக்கும்."

செல்லக்கனி அந்தக் கையையே பார்த்தாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த மூலை அதுதான். பிள்ளையின் தலை இடது முழங்கையில் கிடந்தது. கால் இரண்டும் சீட்டின் மேல், கொலுசோடு.

தாணுலிங்கம் ஹாண்டிலைத் துடைத்து, மஞ்சள் துணி சுற்றி அவளிடம் நீட்டினான். அவன் கண் கெஞ்சியது. அவள் வாங்கிக்கொண்டாள். பிச்சம்மாள் எதிரே வந்து முந்தானையை விரித்து ஏந்தி நின்றாள்.

"கொறயச் சொல்லு தாயி. சொன்ன கொற ஒங்க வாசலோட நின்னுரும். சொல்லாத கொற எங்கூடவே வரும்."

"ரெண்டாவது கீரு முரண்டு பிடிக்கும்."

"சரி. இன்னும் உண்டா?"

"வலது கை லைட்டு மங்கல்."

"சரி. இன்னும் உண்டா?"

"அவ்வளவுதான் மதினி" என்றான் தாணுலிங்கம்.

"ஆம்பள பேசப்பிடாது" என்றாள் பிச்சம்மாள், முகம் திருப்பாமல். "நீ சொல்லு தாயி. இன்னும் உண்டா?"

'இல்லை' என்று ஒரு சொல். நாக்கைப் புரட்டினால் முடிந்தது. செல்லக்கனி அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். படுதாவை விலக்கி எட்டிப் பார்த்த அந்தப் போலீஸ்காரரின் முகம் கண்முன் வந்து நின்றது. பெற்ற பிள்ளையை மடியில் பிணமாக வைத்துக்கொண்டு உறங்குகிறாள் என்று சொன்ன வாய் இது. இன்றைக்கு, அவள் சாகவே இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள்.

"எம் மவ இந்த வண்டியிலதான் செத்தா" என்றாள். "நீங்க தட்டுன எடத்துல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாரயில, பழையகாயலுக்கு இங்கிட்டு. ஏழு வயசு. வழி முழுக்க எம் மடியிலதான் வச்சிருந்தேன். அழக்கூட இல்ல."

கொட்டகை ஓலை காற்றில் அடித்துக்கொண்டது. பிச்சம்மாள் ஏந்திய முந்தானையை மெல்ல இறக்கினாள். அண்ணாச்சி தாணுலிங்கத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"எம் மொறப்படி நீ சொன்ன கொற இங்கனயே நின்னுரும்" என்றாள் பிச்சம்மாள். "லோடு அடிக்க, கடைக்குப் போவன்னு வாங்க வந்திருந்தா இப்பமே வாங்கிட்டுப் போயிருவேன் தாயி. ஆனா பொண்ணு ஏறப் போறா. நானும் பிள்ள பெத்தவ. அந்த மூலையில அவ இருக்கத என்னால பாக்க முடியாது."

"வேண்டாம்க்கா. நீங்க எடுக்க வேண்டாம்."

"சொன்னியே, அது பெருசு." அவள் படியில் வைத்திருந்த டம்ளரை எடுத்து, ஆறிப்போன காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். துக்க வீட்டில் கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பதுபோல் குடித்தாள். பிறகு செல்லக்கனியின் தலையில் கையை வைத்துவிட்டு நடந்தாள். அண்ணாச்சி தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே பின்னால் போனார்.

தாணுலிங்கம் காரின் படியில் உட்கார்ந்தான். வெயில் ஏறி மீன் வாடை எழுந்ததும் பூனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவன் விரட்டவில்லை.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா" என்றான்.

"ஒருக்க மூடுனேன்லா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் கரியக் கிளறிக்கிட்டு இருந்தேன்" என்றான். "அவ போவயில நான் பக்கத்துல இல்ல. ஒன் வாயப் பொத்துன கையெல்லாம் கரி. ஒம் மூஞ்சி முழுக்க கரியா இருந்துது. அதுதான் எனக்கு இன்னும்..."

செல்லக்கனி கையில் ஹாண்டில் இன்னும் இருந்தது. மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டு அதை அவனிடம் நீட்டினாள்.

"பெட்ரோல் கெடக்கா?"

"கொஞ்சம் கெடக்கு. ஏன்?"

"அந்தப் புளியமரம் வரைக்கும் போயிட்டு வரலாம். அங்கன இருந்து வீடு வரைக்கும் அழாதன்னு சொன்னீங்க. அங்கன இருந்து வீடு வரைக்கும் அழணும்."

அவன் எழுந்து போய் ஹாண்டிலைச் சொருகினான்.

முள்ளக்காடு தாண்டி, இரண்டு பக்கமும் வெள்ளையாய் விரிந்து கிடந்த உப்பளங்களைத் தாண்டிப் போனார்கள். புளியமரம் அப்படியே நின்றது. அவன் காரைத் திருப்பி ஊரைப் பார்க்க நிறுத்தினான். அவள் பின் சீட்டின் இடது மூலையில் உட்கார்ந்து, முந்தானையைத் திரட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கூரைய மடிங்க."

"வெயிலு."

"மடிங்க. அன்னைக்கு மூடித்தான போனோம்."

சூசை மேஸ்திரி செய்த சட்டம் முனகிக்கொண்டு பின்னால் மடிந்தது. வானம் திறந்தது. வண்டி நகர்ந்ததும் அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். பேய்க்காற்றில் பழைய கதவு பிய்த்துக்கொண்டதுபோல் ஒரு குரல் அவளிடமிருந்து கிளம்பியபோது வண்டி சாலையின் ஓரத்துக்கு ஓடித் திரும்பியது.

"எங் கண்ணே, மாரி, ஒன்ன ஒறங்குதன்னு சொல்லிட்டேனே! எழுந்திரிக்க மாட்டன்னு தெரிஞ்சும் சொல்லிட்டேனே! பெத்த வாயால சொல்லிட்டேனே!"

மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். உப்பளத்துப் பெண்கள் தலைக் கடவத்தோடு வரப்பில் நின்று பார்த்தார்கள். தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தாணுலிங்கம் பிண ஊர்வலத்துக்கு ஓட்டுகிற வேகத்தில்தான் ஓட்டினான். இரண்டாவது கீர் முரண்டு பிடிக்கவே இல்லை.

ஊர் எல்லையில் அந்தச் சோதனைச் சாவடி இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு காப்பிக்கடை வந்திருந்தது. அழுகைச் சத்தம் கேட்டுக் கடைக்காரரும் நாலைந்து பேரும் சாலைக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, துட்டியா?"

தாணுலிங்கம் காரை நிறுத்தினான். அன்றைக்கு எழாத நாக்கு இன்றைக்கு எழுந்தது.

"ஆமா. எம் மவ. சந்தனமாரின்னு பேரு. வார வழியில செத்துப் போயிட்டா."

கடைக்காரர் காருக்குள் பார்த்தார். அவள் மடியில் முந்தானையைத் தவிர ஒன்றும் இல்லை. எப்போது என்று அவர் கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி போகும்வரை அப்படியே நின்றார்.